பெல்ட்டில் பூசிய சவர்க்காரம்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போகிறவன் நான். என் தொழில் அப்படி. வாகனத்தில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெல்ட், இல்லாவிட்டால் பெயரிங், அதுவும் இல்லாவிட்டால் கழன்ற ஒரு நட். காரணம் இல்லாத சத்தம் உலகத்தில் இல்லை என்று எத்தனை பேரிடம் வாய் கிழியக் கதைத்திருப்பேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் உங்கள் வாகனத்தின் கீச்சுச் சத்தத்தைப் பார்க்கமாட்டேன் என்று ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள், கேட்டதால் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மூதூரில் இருந்தோம். என்னிடம் ஒரு பழைய பிக்கப், அதில் மீன் ஏற்றிப் பிழைப்பு. மனைவி திரேசா. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமலிருந்து, ஊர் வாயெல்லாம் கேட்டு, மாதாவுக்கு நேர்ந்து பிறந்த ஒரே மகன். தவழக்கூடத் தொடங்கவில்லை. அந்த மாரியில் அவனுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் திருகோணமலைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். கடல் கொந்தளித்துக் கிடந்தது, லோஞ்ச் ஓடவில்லை. மிச்சம் இருந்தது தரைவழி ஒன்றுதான். அந்த வழியில் பாலங்கள் கிடையாது, ஆறு குறுக்கிடும் இடமெல்லாம் பாதையில்தான் ஏற வேண்டும். வாகனத்தை ஏற்றிக் கயிற்றால் இழுத்து அக்கரை சேர்க்கும் தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர்.

மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகி, திரேசாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கடைத்தெருவைத் தாண்டவில்லை, பொனட்டுக்குள் இருந்து சத்தம் தொடங்கியது. கீ...ச், கீச். கீ...ச், கீச். அந்த பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது. அறுந்தால் எஞ்சின் கொதிக்கும், நடுவழியில் நிற்போம், பிள்ளை மடியில் கிடந்தே போய்விடும். வெளிநாட்டுச் சாமான் வராத காலம், தங்கத்தை நீட்டினாலும் புது பெல்ட் கிடையாது.

முதலாவது துறையில் பாதை அக்கரையில் நின்றது. அது வரும்வரை பொனட்டைத் திறந்து பார்த்தேன். பெருவிரலால் அழுத்தினேன், இறுக்கம் சரி. ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது, குறைந்தால் காய்ந்திருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீண்ட ஸ்குரூட்ரைவரின் நுனியை டைனமோவில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சுத்தம். தண்ணீர்ப் பம்பும் சுத்தம். அக்சிலரேட்டரைக் கூட்டினேன். எஞ்சின் வேகமெடுத்தது, சத்தம் எடுக்கவில்லை, அது தன்பாட்டுக்கு ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் எங்கள் டிரைவர்மாரின் கைமருந்து இருக்கிறதே, உடுப்புத் தோய்க்கிற நீலச் சவர்க்காரம், சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், எஞ்சினை நிறுத்தி அதை எடுத்து பெல்ட் முழுக்கப் பூசிப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். நம்பினால் நம்புங்கள், சத்தம் மெதுவாகியது. நிற்கவில்லை, மெதுவாகியது. உள்ளே பிள்ளையும் கண்ணயர்ந்தான். அப்பாடா என்றிருந்தது.

கிண்ணியாத் துறைக்கு வரும்போது பழையபடி தொடங்கிவிட்டது. திரேசா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஏணையை முடிஞ்சு விட்டனீங்களோ?"

ஏணை என்றால் கூரையில் கயிற்றில் தொங்கும் சீலைத் தொட்டில், பிள்ளையை வெளியே கொண்டுபோனால் அந்தச் சீலையைத் தூக்கி முடிந்துவிட்டுத்தான் போவார்கள். வெறும் ஏணை ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை.

"நீ முடியேல்லையே?"

"இல்லை. நீங்கள் முடிஞ்சிருப்பியள் எண்டு நினைச்சன். இது எங்கட ஏணை ஆடுற சத்தம். கேட்டுப் பாருங்கோ."

"விசர்க் கதை கதையாதை" என்று சீறிவிட்டு இறங்கினேன். சீறினேனே தவிர, காது அந்தத் தாளத்தில்தான் இருந்தது. ஏணை ஒரு பக்கம் போகும்போது சத்தம் நீளம், திரும்பி வரும்போது கட்டை. அது உண்மைதான்.

மெக்கானிக்குக்குக் கடைசியாக ஒரு வழி உண்டு. பெல்ட்டையே கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடுவது. அப்போது சத்தம் நின்றால் குற்றம் பெல்ட்டிலோ அது சுற்றும் கப்பிகளிலோதான். கழற்றினேன். ஓடவிட்டேன். கீ...ச், கீச். அதற்குள் பாதை வந்துவிட்டது, கழற்றிய பெல்ட்டைத் தோளில் போட்டபடியே வாகனத்தை ஏற்றி எஞ்சினை நிறுத்தினேன். பாதையில் எஞ்சின் ஓடக்கூடாது என்பது சட்டம். கயிறு இழுக்கும் பெரியவர் ஹனிபா காக்கா என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"தம்பி, எஞ்சின நிப்பாட்டுங்க. உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

"நிப்பாட்டித்தான் கிடக்கு காக்கா."

"அப்ப என்ன கத்துது?"

அவர் பொனட்டில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் தோளில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

நடு ஆற்றில் என்னால் தாங்க முடியவில்லை. நம்பாத வாயால் கும்பிட்டேன். மாதாவே, இந்தச் சத்தத்தை நிற்பாட்டு, வேறொன்றும் கேட்கவில்லை என்று கேட்டேன். கிண்ணியாப் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துச் சத்தம் நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. திரேசாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தபடி இருந்தாள்.

மறுநாள் காலை பிள்ளையைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டுக் கதீஜா உம்மா ஓடிவந்து திரேசாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் கேட்டார்.

"மகள், நேத்து வீட்டுல ஆர விட்டுட்டுப் போனீங்க? நீங்க போனதுல இருந்து ஏணை ஆட்டுற சத்தம் கேட்டிச்சே. அசர் பாங்கோடதான் நிண்டிச்சு."

ஒருவரையும் விடவில்லை. பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது, நானே திறந்தேன். காற்று என்பீர்கள். கதவும் ஜன்னலும் அடைத்த வீடு. சரி, காற்று என்றே வைத்துக்கொள்வோம், நானும் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஏணையை அவிழ்க்கக் கதிரை போட்டு ஏறினேன். கூரை வளை மரத்தில் ஏணைக் கயிறு உரசும் இடத்தில் நீலச் சவர்க்காரம் பூசியிருந்தது. நன்றாக அழுத்தித் தேய்த்திருந்தது. அதன் மேல் ஒரு பெருவிரல் அடையாளம், கிரீஸ் கறுப்போடு. என் நகத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது பாருங்கள், அந்த வெடிப்பும் அதில் பதிந்திருந்தது. இறங்கி ஓடிப்போய் பெல்ட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதில் சவர்க்காரத்தின் மணம்கூட இல்லை.

இதை நான் திரேசாவிடம் சொல்லவில்லை. அவள் சாகும்வரை சொல்லவில்லை. அந்தச் சத்தம் கேட்ட நேரமெல்லாம் பிள்ளைக்கு மூச்சு இருந்தது, அதை நிற்பாட்டச் சொல்லிக் கும்பிட்டது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

உங்கள் வாகனத்தை வேறு யாரிடமாவது காட்டுங்கள். என்னைக் கேட்டால், அது கத்தட்டும்.