சாமி சொன்னதும் நான் சேர்த்ததும்

ஸ்ரீரங்கத்தில் தயிர் விற்கிறவளிடம் பேசக்கூட எனக்குப் பயம். பேச்சுவாக்கில் நான் ஒரு சுலோகத்தை எடுத்துவிட்டு, மீதியை அவள் சொல்லி முடித்தால் என் கதி என்ன? ரங்கூனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நான் பண்டிதர். வேறு ஆள் கிடைக்காததால் கிடைத்த பட்டம்.

ரங்கூனில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆலைத் தொழிலாளிகளுக்கு வேதாந்தத்தைத் தமிழில் சொல்லிவந்தேன். சுலோகம் இரண்டு வரி. என் தமிழ் அரை மணி நேரம். தேர் வந்தால் ட்ராம் வண்டியாக்குவேன், ஆறு வந்தால் ஐராவதி. அப்புறம் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. எனக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். இப்போது மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் கடை மாடியில் பழைய ரங்கூன் கூட்டம் கூடுகிறது. கூடவே, என் பிழைகளைப் பிடிப்பதற்கென்றே ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி நரசிம்மாச்சாரியார் வருகிறார், மூலப் புஸ்தகத்தோடு.

"ஓய், மூலத்திலே ட்ராம் எங்கே இருக்கு?"

"ஸ்வாமி, வியாக்கியானக்காரா எல்லாரும் சேர்க்கலையா?"

"சேர்த்தா. தன் வார்த்தைன்னு சொல்லிட்டுச் சேர்த்தா. நீர் பெருமாள் வாயிலேன்னா போட்டுடறீர்!"

போன வாரம் உப்பிலியபுரத்து முத்தையா வந்திருந்தான். நடந்து வந்தவர்களில் ஒருவன். வழியில் காய்ச்சலில் இறந்த மனைவியை ஒரு சடங்கும் இல்லாமல் காட்டிலேயே விட்டு வந்தவன். இன்றுவரை அவன் அழவில்லை. அன்றைய கீதைச் சுலோகம், அறிவுள்ளவன் இறந்தவர்களுக்காகத் துக்கப்படமாட்டான் என்பது. முத்தையாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அழுது தீர்த்துவிட்டு எழுந்திரு என்கிறார் பகவான்" என்று சேர்த்தேன்.

ஆசாரியார் புஸ்தகத்தைப் பிரிப்பதற்குள் முத்தையா எழுந்து நின்றான்.

"அய்யா, அழுவலாம்னு சாமியே சொல்லுச்சுங்களா? இல்ல, நீங்க சொல்றீங்களா?"

ஆமாம் என்றால் அவனுக்கு அழுகை கிடைக்கும்; சாமி சொல்லாததைச் சொன்னதாக ஆகும். இல்லை என்றால் அவன் கல்லாகவே உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறுவான். ஆசாரியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சேர்த்தேன், முத்தையா. துக்கப்படாதேன்னுதான் சாமி சொல்லியிருக்கு."

முத்தையா தலையை ஆட்டினான். "சாமி சரியாத்தாங்க சொல்லியிருக்கும். ஆனா அதுக்கு அவளத் தெரியாதுங்களே. நீங்க ரங்கூன்ல அவ கையால எத்தனையோ நாளு மீன் கொழம்பு சாப்பிட்டிருக்கீங்க. நீங்க சொன்னதே போதும்."

மீன் குழம்புச் சங்கதி ஆசாரியாருக்குப் புதிது.

முத்தையா உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழத் தொடங்கினான். அர்த்தம் சொல்லி முடிந்ததும் மூலத்தை ஒரு தரம் ஓதி முடிப்பது ஸ்ரீரங்கத்து வழக்கம். ஆசாரியார் அதைத்தான் செய்தார், ஆனால் வழக்கமான உச்சக் குரலில் அல்ல. அந்த அழுகைக்கு மேலே போகாத குரலில். ஒரு காதில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுலோகம், மறு காதில் கடலுக்கு அந்தப் பக்கத்து அழுகை. எதை எதற்கு மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.