புயோங் தாத்தா மரம்

1937 ஜூலை 14, புதன்கிழமை. துணி துவைத்து, சோறு வடித்துவிட்டு, கால் வலியோடு தங்காக் சந்தைக்குப் போனேன். காட்டுக் குடியான ஜாக்குன் பெண் ஒருத்தி முள்ளு டுரியான் பழம் விற்றாள்; ஒன்று வாங்கினேன்.

"கொட்டையைத் தூக்கிப் போடாம திருப்பிக் கொடுங்க. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்," என்று மலாய் மொழியில் சொன்னாள்.

அந்த வாசம் என்னை, சின்ன வயதில் இருந்த பழைய தோட்டத்துக்குக் கொண்டுபோனது. அப்பா அங்கே கங்காணி. ரப்பர் நட, ஆற்றங்கரை டுரியான் மரங்களை வெட்ட உத்தரவு வந்தது. அவை ஜாக்குன் முன்னோர் வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் வைத்தவர் பெயர். பழக்காலம் முழுக்க ஜாக்குன்கள் மரத்தடியை விட்டு நகரவில்லை.

"எழுந்திரிங்கய்யா, தொரை என்னைத்தான் வைவாரு," என்றார் அப்பா.

"வெட்டு கங்காணி! புயோங் தாத்தா உன் மண்டையிலதான் பழத்தைப் போடுவாரு," என்று ஒரு ஜாக்குன் கிழவர் மரத்தைக் காட்டிச் சிரித்தார். கோடாலிக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

கடைசிப் பழமும் விழுந்தபின் மரங்களை வெட்டினார்கள். ஜாக்குன்கள் கொட்டைகளைக் கூடையில் சுமந்துகொண்டு ஆற்றின் மேல்பக்கம் போனார்கள். அப்பா அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

"இது யார் மரத்துப் பழம்?" என்று சந்தையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"புயோங் தாத்தா மரம். வெட்டின மரத்தோட கொட்டையில வளந்தது."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டைகளைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, சந்தைக்கு நடந்தேன்.