பிளேட்டில் கேட்கும் வயலின்

யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளியின் பாட்டு மாஸ்டர் இருபத்திரண்டு பேரைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழு நடத்தினார். பாதிரியார் பங்களாவின் கிராமபோனில் மேல்நாட்டு சிம்பொனிகளைக் கேட்டுவிட்டு வந்து, நம் கீர்த்தனை மெட்டுகளை வயலின், கிளாரினெட், ஆர்மோனியம் என்று பங்கு பிரித்து எழுதுவார். கிறிஸ்துமஸுக்கும், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கும் கச்சேரி. தனி வயலின் என்னுடையது. மற்ற நாட்களில் நான் ராஜபாளையத்தில் பஞ்சுக் கிட்டங்கிக் குமாஸ்தா.

கச்சேரியில் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். அசனச் சோறு தின்ற மயக்கத்தில் கூட்டம் சாய்ந்தால் குச்சியை விசிறி வேகத்தைக் கூட்டுவார். குழந்தை அழுதால் இடது கையைத் தாழ்த்தி எங்களை அடக்கி, தாய் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை ஒரே சுரத்தில் நிறுத்திவைப்பார். என் முறை வந்தால் மட்டும் குச்சியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் வருஷம் முழுக்கப் பஞ்சுத் தூசி தின்னத் தயாராக இருந்தேன்.

சென்னையில் கிராமபோன் பிளேட்டு போடும் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. எல்லோரும் போனோம். கம்பெனிக்காரர் ஒரு தடவை கேட்டுவிட்டு, "தனி வயலின் பத்தாது. எங்க ஆள் வாசிக்கட்டும்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. "சரி" என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கனத்த கதவு, உள்ளே வாசித்தது ஒரு துளி கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம்யா. நீரு வாசிச்சதாவே இருக்கட்டும். உமக்குத்தான் மரியாதை." மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிளேட்டு வந்தது. அரை மணி நேரம் வாசிப்பதை இரண்டு பக்கத்தில் அடைத்த அவசரம் அதில் இருந்தது. நிறுத்தம் இல்லை, காத்திருப்பு இல்லை, மாஸ்டரின் இடது கையே இல்லை. ஆனால் வயலின் நன்றாக இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். நான் மூச்சு முட்டி நிற்கும் இடங்களில் அந்த ஆள் சர்வசாதாரணமாக ஏறிப் போயிருந்தான். ராஜபாளையம் காப்பிக் கடைக்காரர் ஓயாமல் சாவி கொடுத்து அதையே போட்டார். என்னைக் கண்டதும் எழுந்து, "நம்ம ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டீகளே!" என்றார். சிரித்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸ் கச்சேரி முடிந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் அக்கறையாக விசாரித்தார்: "பிளேட்டுல வாசிச்ச மாதிரி வரலியே, ஒடம்புக்கு என்ன?" அதுவரை என்னை ஒப்பிட ஊரில் ஆள் கிடையாது. இப்போது என்னை என்னோடே ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் தோற்றேன்.

அதையும் பொறுத்திருப்பேன். ஒத்திகையில் மாஸ்டரே, "பிளேட்டக் கேளும்யா! அந்தக் கொழைவு எங்க போச்சு?" என்று எல்லோர் முன்னும் கத்தினார். எங்கே போகும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எல்லாம் தெரிந்த மனுஷர், வெட்கமில்லாமல் கேட்கிறார். அவரே அந்தப் பொய்யை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அன்றே குழுவை விட்டேன்.

வீட்டிலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் சாயங்காலம் மனைவியிடம் போய் நின்றேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க குழுவ விட்டதுல எனக்கு வெசனமில்ல. கச்சேரில எல்லாம் ஊருக்காக வாசிச்சீக. அந்த பிளேட்டுல மட்டுந்தான் என்னிய நெனச்சு வாசிச்சிருக்கீக. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

"ஆமா" என்றேன்.