ரோஸ்லின் தனக்குப் போட்டுக்கொண்ட மார்க்

சுகன்யா பொய் எழுதமாட்டாள். ஒதியம்பட்டில் அவள் தெருவுக்கே அது தெரியும். மனு எழுதித் தரச் சொன்னாலும் லீவு லெட்டர் எழுதித் தரச் சொன்னாலும், உள்ளதைத்தான் எழுதுவாள். பெரியம்மா மகன் சினிமாவுக்குப் போன நாளுக்குக் 'காய்ச்சல்' என்று எழுதித் தர மறுத்துவிட்டு, ஒரு பொங்கல் முழுக்க அந்த வீட்டோடு பேச்சில்லாமல் இருந்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் கடைசியில் ரோஸ்லின் அக்காவின் வேலைக்கு உலை வைத்தது.

வில்லியனூர் பக்கம் மருந்து பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் சுகன்யா செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவள் எதிர்வீட்டு ரோஸ்லின். "நம்ம பொண்ணு சார், நல்லா வேல செய்யும், நான் கேரண்டி" என்று பழைய மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். படித்த சுகன்யா மேலே போனாள். பத்தாவது தாண்டாத ரோஸ்லின் இருபத்திரண்டு வருஷமாக அதே பெஞ்சில் மூடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்ப்பது கண்ணால் இல்லை. கட்டைவிரலை மூடியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றுவாள், பிசிறு இருந்தால் விரல் சொல்லிவிடும். ஒருமுறை எல்லோரும் சரியென்று அனுப்பிய பெட்டியைத் திருப்பி எடுத்துவந்து, மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டினாள். மேனேஜர் பாராட்ட வந்தபோது, "பசங்க நல்லாத்தான் மெஷின் ஓட்டுதுங்க சார், இன்னிக்கு இன்னாவோ சூடு கூடிப்போச்சு" என்று மெஷின்காரர்களுக்காக வக்காலத்து வாங்கினாளே தவிர, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி கைமாறியது. புது நிர்வாகம் எல்லோரையும் வருஷ ஒப்பந்தத்துக்கு மாற்றியது. இந்த வருஷம் புதிதாகச் சுயமதிப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அவரவர் தனக்குத்தானே ஐந்துக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். டேப்லெட்டில் வந்த ஃபார்ம் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால், சூப்பர்வைசர்களே கேட்டுக் கேட்டு நிரப்பச் சொன்னார்கள்.

"மூணுக்குக் கீழ வந்தா காண்ட்ராக்ட் ரினியூ ஆவாது மேடம்" என்று மீட்டிங்கில் சொன்னான் ஹெச்.ஆர். நவீன்குமார். "ஆனா அத அவங்க கிட்ட சொல்லாதீங்க. சொன்னா எல்லாரும் அஞ்சு போட்டுக்குவாங்க."

அடுத்த பிரிவு சூப்பர்வைசர் மணிவண்ணன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன் ஆட்கள் முப்பது பேருக்கும் நாலும் ஐந்துமாகப் போட்டு அரைமணியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனான். 'பொய்யன்' என்று மனசுக்குள் திட்டினாள் சுகன்யா. தன்னுடைய ஃபார்மை அவள் காலையிலேயே முடித்திருந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மத்தியானம் ரோஸ்லின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வேலைக்கு நீங்களே அஞ்சுக்கு எவ்ளோ போடுவீங்க?"

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி இது, என் வாயால நானே சொல்லணுமா? நாலு பேரு சொல்லணும்டி அத."

"சொல்லித்தான் ஆவணும்க்கா. ஃபார்ம் அப்டி."

"அப்ப ரெண்டு போடு."

"ரெண்டாக்கா?"

"பின்ன? நானே அஞ்சு போட்டுக்கினா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? எல்லாத்துக்கும் ரெண்டு போடு. மேல இருக்கறவங்க பாத்து ஏத்திக் குடுக்கட்டும்."

பந்தியில் 'போதும் போதும்' என்று இலைக்குமேல் கையை விரிக்கிற ஊர் நம்முடையது. பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார். ரோஸ்லின் பாவம், அதைத்தான் எதிர்பார்த்தாள். கம்பெனிப் பந்தியில் போதும் என்றால் இலையையே எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொல்லியிருக்க வேண்டியவள் எதிரில்தான் இருந்தாள். சுகன்யாவுக்கு விரல் ஒரு நிமிஷம் தயங்கியது. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லக்கூடாது என்றார்களே என்றும் நினைத்தாள். ஒருத்தர் சொன்னதை மாற்றி எழுதினால் நமக்கும் மணிவண்ணனுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பழைய கர்வம் முந்திக்கொண்டது. இருபத்திரண்டு வருஷ வேலை யாருக்குத் தெரியாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டைத் தொட்டாள்.

மார்க் எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கேள்வி, இந்த வருஷம் செய்த தவறு. சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி ரோஸ்லின் குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாமியா செத்த வாரம், ஒரு பெட்டிய பாக்காமயே அனுப்பிட்டேன்டி. யாருக்கும் தெரியாது. மனச உறுத்திக்கினே இருந்துச்சு, சொல்லிட்டேன்." சுகன்யா அதையும் எழுதினாள்.

அதற்குக் கீழே 'சூப்பர்வைசர் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. டீக்கு மணி அடித்தது. காலியாகவே விட்டு அனுப்பினாள்.

ஏப்ரலில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவர்களின் பட்டியல் வந்தது. ரோஸ்லின் பெயர் முதலில் இருந்தது. சுகன்யா நவீன்குமாரிடம் ஓடினாள்.

"அவங்களே ரெண்டு போட்டுக்கினாங்களே மேடம். தப்பு செஞ்சதா அவங்களே சொல்லியிருக்காங்க."

"அவங்க அப்டித்தான் சார் பேசுவாங்க. அது தன்னடக்கம்."

"அதுக்கு ஃபார்ம்ல எடம் இல்லயே மேடம்" என்றான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் யாரோ ஐந்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த ரோஸ்லின் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து தெருவைக் கடந்து வர சுகன்யாவுக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

"நீங்க சொன்னத அப்டியே எழுதிட்டேன்க்கா" என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

"அழாதடி. நான் சொன்னதத்தானே எழுதின, உம்மேல இன்னா தப்பு?" ரோஸ்லின் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சூதுவாது எதுவும் இல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆமா, உனுக்கு நீ எவ்ளோ போட்டுக்கின?"

அவ்வளவு நேரம் எழுதியதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த சுகன்யாவுக்கு, தன் ஃபார்ம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"அஞ்சுக்கா. எல்லாத்துக்கும் அஞ்சு."

கீரைக்காம்பில் ஓடிக்கொண்டிருந்த ரோஸ்லினின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் பொய்யில்லை.

"போடு, போடு. உனுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவாங்க? நல்லா வேல செய்யற பொண்ணுன்னு அன்னிக்கே சாரு கிட்ட சொன்னேனே."

திட்டியிருந்தால் சுகன்யா தாங்கியிருப்பாள். 'நல்லா வேல செய்யும்' என்கிற அந்த ஒரு வரியைத்தான் ரோஸ்லினைப் பற்றி அந்தக் காலிக் கட்டத்தில் அவள் எழுதியிருக்க வேண்டும். அது பொய்யாகவும் இருந்திருக்காது.