நோட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

வீரபாண்டி பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கர் ஷீட் ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். எதிலும் குறை கண்டுபிடிக்கும் புத்தியும் கூடவே வரும். அதற்காக வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் விரல் பதியாது. நாளெல்லாம் துணியைத் தடவும் எனக்கும் அதே கதைதான். எங்களைப் போன்றவர்கள் கடை நோட்டில் கையெழுத்துப் போட்டு அரிசி வாங்க வேண்டும். ஷிப்டை விட்டுவிட்டு மாதாமாதம் எப்படி வருவது என்று புலம்பினோம். கடைக்காரர் இனிக்க இனிக்கப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் காலிக் கட்டங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் எங்களுக்கு மகராசனாகத் தெரிந்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம், அரிசி வாங்கியதாகப் போனுக்கு மெசேஜ் மட்டும் வந்தது. போய்க் கேட்டால் லோடு வரவில்லை என்றார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவர். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பசியில்லை என்று அவர் எழுந்துகொள்வதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. லீவு போட்டுப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன்.

விசாரிக்க வழங்கல் அதிகாரி கடைக்கே வந்தார். வாங்காத அரிசிக்குக் கையெழுத்துப் போட்டது உங்கள் குற்றம், கார்டே போய்விடும் என்று கடைக்காரர் முன்கூட்டியே அக்காவைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

அதிகாரி நோட்டை விரித்தார். "இது உங்க கையெழுத்துத்தானுங்களா?"

ஆமாம் என்றால் கடைக்காரர் தப்பித்துவிடுவார். இல்லை என்றால் பொய். அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் கார்டும் அதே நோட்டில்தான் மாட்டியிருந்தது.

பையிலிருந்து ஷீட்டை எடுத்து, முதல் அம்பை என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

"நான் போட்டதுதானுங்க. மூணு மாசத்துக்கும் ஒரே நாள்ல போட்டனுங்க, தப்புத்தான். ஆனா அரிசி ஊடு வந்து சேரலீங்க."

அக்கா ஷீட்டை வாங்கித் தன் கையெழுத்துக்கும் ஒன்று ஒட்டினார். அரசாங்க நோட்டை அசிங்கப்படுத்துகிறோம் என்று கடைக்காரர் கத்தினார். அதிகாரியும் ஸ்டிக்கரைப் பிய்க்கச் சொன்னார்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். அது அடுத்த மாதத்துப் பக்கம், அந்த மாதம் இன்னும் பிறக்கவே இல்லை. காலிக் கட்டங்களில் எங்கள் கையெழுத்து மட்டும் வரிசையாக நின்றது. அதற்குக் கீழே பச்சை மையில் இன்னொரு கையெழுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையோடு. அங்கேயும் ஒரு அம்பு ஒட்டினேன்.

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அதிகாரியிடமே கேட்டார்.

"இது ஆரு கையெழுத்துங்க, சார்?"

அதிகாரி கையிலிருந்த பச்சைப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அந்தப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

படத்தைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். அந்த வாரமே வேறோர் அதிகாரி விசாரிக்க வந்தார், இரண்டு மாத அரிசியும் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்த ஆள் நோட்டை நீட்டினார். அக்கா மூட்டையை எடை போட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினார்.