என் ரக்கெட்டில் காய்ந்த முயல் தோல்

இன்றைக்கும் அந்த பெட்மின்டன் ரக்கெட்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் நடு அறையில் அம்மாவின் தம்பி, என் மாமா, கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். மாமி வயிற்றில் பிள்ளையோடு முன்னதாகவே போய்விட்டார். பிள்ளைக்கு அப்போது நாலு வயது. மாமா அவளைத் தூக்கியதே இல்லை. கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்த மனிதருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. கனடாக் குளிருக்கு மகளுக்கு முயல் தோலில் தொப்பி தைக்க வேண்டுமாம். அடுத்த கிழமை அங்கே போகிற ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

முகத்துவாரத்தில் முயல் இறைச்சி விற்கும் ஒருவரிடம் தோல்களை வாங்கி வந்தார். அவற்றை இழுத்துக் காயவைக்க ஆயுதம் வேண்டுமே! என் பள்ளிச் சட்டை கொழுவும் கம்பி ஹாங்கர்களை வளைத்து, காலுறை கழற்றுவதுபோல் முழுசாக உரித்த தோல்களை மயிர் உள்ளே போகப் புரட்டி மாட்டினார். ஒட்டியிருந்த கொழுப்பைச் சாப்பாட்டுக் கரண்டியால் சுரண்டினார், உப்புப் பூசினார். பால்கனி முழுக்க நாற்றம், காகங்கள் வேறு. என் சட்டைகள் கதிரையில் கிடந்து கசங்கின. பொறுத்தேன்.

வயிற்றைக் கீறி உரித்த ஒரு தோல் மட்டும் ஹாங்கரில் நிற்கவில்லை. பாடசாலை பெட்மின்டன் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் காலையில் ரக்கெட்டைத் தேடிப் பால்கனிக்குப் போனேன். மாமா அதன் நரம்புகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அதே ஓட்டைகளுக்குள்ளால் நூல் கோத்து, அந்தத் தோலை நடுவில் இழுத்துக் கட்டியிருந்தார்.

“சும்மாதானே கிடந்தது பிள்ளை, அதுதான் எடுத்தனான்.”

சும்மாவா? லீவு முழுக்கச் சுவரில் அடித்தடித்துப் பழகியவள் நான்! குழறி அழுதேன். ஒரு கோப்பை உடைந்தாலே பிளாட் அதிரக் கத்துகிற அம்மா, “விடு பிள்ளை, ரக்கெட்தானே” என்றார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. யாரோ ஒருத்தியின் ரக்கெட்டை இரவல் வாங்கி விளையாடினேன். குழுவில் இடம் கிடைக்கவில்லை.

பின்னேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர, மாமா அளவு நாடாவோடு எனக்குப் பக்கத்தில் வந்தார்.

“நாலு வயசுப் பிள்ளையின்ரை தலை உன்ரையைவிட எவ்வளவு சின்னனா இருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? மாமிக்குப் போன் எடுத்துக் கேளுங்கோவன்!”

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அடித்தது அம்மா. அப்பா டிவியை நிறுத்தினார். மாமா நாடாவைச் சுருட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். ரக்கெட்டும் போய், குழுவும் போய், அடியும் எனக்கா? இது என்ன நியாயம் என்று கேட்டுக் கேட்டு அழுதேன். மாமி மாமாவின் போனை எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.