அந்துப்பூச்சியும் கல்யாண ரவிக்கையும்

எங்கள் கே.கே. நகர் வீட்டில் நல்ல வெளிச்சம் தரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். ஹாலில், சாப்பாட்டு மேசையை ஒட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒருத்தி நான். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் பூச்சிகளோடு போய்விடும். இன்னொருத்தி என் நாத்தனார். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாள், கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் ஜரிகை வேலை செய்து கொடுக்கிறாள். அவள் வீட்டில் பகலிலேயே லைட் போட வேண்டும். அதனால் துணி மாட்டிய மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவாள். கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தோம். பிறகு மேசையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் பக்கத்துச் சமிக்கி என் பக்கம் வரக் கூடாது, என் பக்கத்துப் பூச்சி அவள் பக்கம் போகக் கூடாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் எதிர் சோபாவில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்தி பார்ப்பார்.

அந்த வருடம் என் பக்கம் இருந்தது ஓர் அந்துப்பூச்சி. எலுமிச்சை இலையில் நத்தை ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே ஒரு புழு புகுந்துகொண்டு, சதையை மட்டும் தின்று போன தடம் அது. அந்த வகையறாவில் ஒன்றுதான் எனக்குப் பச்சைமலைக் காட்டில் கிடைத்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் போயிருந்தோம். ஒரு மரத்தின் இலைகளில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பறித்து வந்து பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு வைத்தேன். பெரும்பாலானவற்றிலிருந்து வெளியே வந்தவை அந்துப்பூச்சிகளே அல்ல, அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்த குட்டிக் குளவிகள். உருப்படியாக வந்தது ஒரே ஓர் ஆண். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், பொன்னிறச் சிறகு, குறுக்கே வெள்ளிக் கோடுகள். எந்தக் கட்டுரையிலும் அப்படி ஒன்று இல்லை.

ஆனால் சிறகை மட்டும் பார்த்துப் புது இனம் என்று சொல்லிவிட முடியாது. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, கண்ணாடி வில்லையில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். அது ஒவ்வோர் இனத்துக்கும் வேறு. நான் கல்லூரியில் பிரித்து எடுத்து, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பெரிதாக வரைந்தேன். நடுவில் ஒரு குடம் மாதிரி வளையம். இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த கைகள். ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி முடிகள். வலது கை அகலம். இடது கை மட்டும் மெலிந்து, நுனியில் கொக்கி போட்டு நின்றது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது என்ன டிசைன்? அம்சமா இருக்கே!"

"பூச்சியோட ஒரு பாகம்மா."

"எந்த பாகம்?"

விளம்பர இடைவேளை என்று மாமனார் டிவி சத்தத்தை அடக்கியிருந்தார். ஹால் நிசப்தம்.

"பின்னாடி பாகம்" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. போனை எடுத்து ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலை கல்லூரியிலிருந்து வந்தேன். மேசையில் அவள் சட்டம் விரித்தபடி இருந்தது. கருநீலப் பட்டு, முதுகுப் பக்கம். அதன் நடுவில், தங்க ஜரிகையும் முத்தும் சமிக்கியுமாக, என் அந்துப்பூச்சியின் அந்தரங்கம் ஜொலித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

கைப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

"லால்குடிப் பொண்ணு அண்ணி. ஸ்ரீரங்கத்துல கல்யாணம். மாங்கா வேணாம், மயில் வேணாம், நெட்ல தேடினா கிடைக்கவே கூடாதுன்னு ஒரே பிடிவாதம். உங்க படத்தைக் காட்டினேன். குதிச்சிடுச்சு!"

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி போட்டிருக்கியே?"

"நீங்க இடது பக்கத்தைக் கோணலா போட்டிருந்தீங்க. நான் சரி பண்ணிட்டேன்."

"அது கோணல் இல்லம்மா. அதுதான் புது இனமே!"

"எந்த ஊர்ல அண்ணி ஒரு கை பெருசு ஒரு கை சிறுசா இருக்கும்? உங்க கை ஏதோ நடுங்கியிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. என் கை நடுங்குவதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், போனில் ஒரு செய்தி. கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதும் வெளியூர் ஆய்வாளர் அனுப்பியது. ஒரே ஓர் ஆணை வைத்துக்கொண்டு இடது கை வேறு என்று எப்படிச் சொல்வது, வில்லையில் அழுத்தும்போது நசுங்கியிருக்கலாம், இன்னோர் ஆண் வேண்டும் என்று பணிவாக எழுதியிருந்தார். பட்டப்படிப்பு, ஆய்வகம், அனுபவம் எல்லாம் உள்ள மனிதர் சொன்னதும் என் நாத்தனார் சொன்னதும் ஒன்றே. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் அழுத்திக் கெடுத்தேனோ?

மீதமிருந்த டப்பாக்களை மேசை ஓரத்தில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தேன். குளவி வந்தது. பிறகு இன்னொரு குளவி. பிறகு பூஞ்சை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். கீழேயிருந்து சத்தம்: "அண்ணி! உங்க ஆளு வந்துட்டார்!" ஓடி வந்தேன். டப்பாவுக்குள் பொன்னிறமாக ஏதோ மினுங்கியதாம். நன்றாகப் பார்க்கலாம் என்று மூடியை லேசாகத் தூக்கினாளாம். டப்பா காலி.

"ஃபேனை நிறுத்துங்க மாமா!"

அவர் ஃபேனை நிறுத்தினார், டிவியையும் நிறுத்தினார். என் கணவர் துவாக்குடியில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு அன்று ஒரு நாள்தான் தூங்குவார். அவரையும் எழுப்பி, ஜன்னலைச் சாத்தி, அசையாமல் நிற்கச் சொன்னேன். நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு தேடினோம். சுவர், திரைச்சீலை, மாமனாரின் வழுக்கை, எங்கும் இல்லை. கடைசியில் எல்லார் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. மேசையில் விரிந்திருந்த ரவிக்கை. பொன்னும் வெள்ளியுமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள். அதில் பொன்னும் வெள்ளியுமாக ஒரு பூச்சி உட்கார்ந்தால் யார் கண்டுபிடிப்பது? நான் லென்ஸை வைத்து ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

நாத்தனார் சட்டத்தின் மேல் குனிந்தாள். தொடாமல் விரலை மட்டும் நகர்த்தி வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிறகு ரகசியக் குரலில், "அண்ணி, இது நான் வெச்ச சமிக்கி இல்ல" என்றாள்.

வலது கையின் நுனிக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒதுக்கிய இடம் மாதிரி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் குப்பியை மெதுவாக மேலே கவிழ்த்தேன்.

மறுநாள் கல்லூரியில் அதைப் பார்த்தபோது முதல் வரம், அது ஆண். பக்குவமாகப் பிரித்து, இந்தத் தடவை மேலே கண்ணாடி எதுவும் வைத்து அழுத்தாமல், ஒரு சொட்டு கிளிசரினில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். வலது கை அகலம். இடது கை மெலிவு, நுனியில் கொக்கி. அப்படியே. ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொல்லி, மைக்ராஸ்கோப்பில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். நாத்தனார் என் போன் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அட, நிஜமாவே ஒரு பக்கம் வேறதான். ஆமா, இது பூச்சிக்கு எதுக்கு? கையா, காலா?"

இனி மறைக்க முடியாது. அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். மிக்ஸியில் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று குரலை உயர்த்தினேன். சரியாக முக்கியமான சொல் வரும்போது அவள், "கேக்கல அண்ணி" என்று மிக்ஸியை நிறுத்தினாள். ஆண் பூச்சியின் எந்த உறுப்பு என்பது வீடு முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

ஹாலில் மாமனார் இருமினார். பிறகு டிவியின் சத்தம் நன்றாக உயர்ந்தது.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் விரிந்தது. அடுத்த கணம் சிரிப்பு பொங்கிவிட்டது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ, அந்தப் பொண்ணு முதுகுல..." என்று ஆரம்பிப்பாள், முடிக்க முடியாது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

சிரித்து ஓய்ந்ததும் பயம் வந்தது. ரவிக்கையைத் தைத்தாகிவிட்டது, மறுநாள் மணப்பெண் போட்டு அளவு பார்க்க வருகிறாள். சொல்லிவிடலாமா? பிரித்துவிட்டு வேறு போட நாள் இல்லை. அவள் கேட்டால் உண்மையைச் சொல்வது, கேட்காவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா தடவிப் பார்த்தார். "என்னமோ தெரியலைங்க, பாத்ததும் ஒரு மங்களகரமா இருக்கு" என்றார். நாத்தனாருக்கு உடனே தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓடிவிட்டாள்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "இது நிஜமாவே பூச்சியிலேர்ந்து எடுத்ததாங்க? எந்த இடம்?"

நான் அவள் காதருகில் போய்ச் சொன்னேன். கிட்டத்தட்ட மிக்ஸி நின்ற மாதிரி ஓர் அமைதி. பிறகு அவள் தோள் குலுங்கியது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றாள். "மத்தபடி எனக்கு ஓகே. அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மேடையைப் பார்த்தேன். போட்டோகிராபர் மணப்பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

கட்டுரை மறு வருடம் வெளியானது. உலகத்தில் இந்தப் பூச்சிகளைப் பற்றிக் கவலைப்படும் சிலர் அதைப் படித்து, படம் தெளிவாக இருப்பதாக எழுதினார்கள். அதற்குள் அந்த டிசைன் உறையூர், தில்லைநகர் என்று பல முதுகுகளில் ஏறிவிட்டது. பெண் பூச்சி கிடைக்கவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சொன்னதுமே நாத்தனார் கிளம்பிவிட்டாள்.

"பொண்ணுக்கும் ஏதாவது டிசைன் இருக்குமில்ல? நானும் வரேன்."

வனத்துறை அனுமதியில் பேரைச் சேர்த்து, அவளையும் பச்சைமலைக்குக் கூட்டிப் போனேன். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். நாள் முழுக்க இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குரங்கு வந்து சாதத்தை எடுத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் கொப்புளமுள்ள ஓர் இலையைக் கண்டுபிடித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து, என்னைத் தொடவிடாமல், என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அந்த இலையிலிருந்து வந்த பூச்சியும் ஆண்தான்.